தென்னந்தோப்புக்குத் தானே நகரும் புல்வெட்டும் இயந்திரம்: மூடாக்கும் ஆயுளும்

தோப்பு வைத்திருக்கும் விவசாயிகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "புல்லை வெட்டி, அங்கேயே தூளாக்கிப் போடும் இயந்திரம் வாங்கலாமா? எத்தனை வருடம் உழைக்கும்?" களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. களைக்கொல்லி அடிக்க மனம் வருவதில்லை. அடிக்கடி உழுதால் மேல்மட்ட வேர்கள் அறுபடுகின்றன. எனவே இந்த இயந்திரத்தின் மீது பார்வை திரும்புவது நியாயமே.

ஆனால் இவை முதலில் வீட்டுப் புல்தரைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றைத் தோப்பில் இறக்கும்போது மூடாக்கின் தரம், இயந்திரத்தின் ஆயுள் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தூள் சரியாக விழாத இயந்திரம் சீக்கிரம் பழுதாகும் இயந்திரமாகவும் இருப்பதைக் களத்தில் தொடர்ந்து பார்க்கிறோம். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரே நடையில் அளவுக்கு மீறிய புல்லை வெட்ட வைப்பது.

ஒரு தோப்பில் பார்த்தது

மூன்று ஏக்கர் தென்னை வைத்திருக்கும் ஒரு விவசாயி, "ஆறு மாசம் நல்லா தூளாக்குச்சு, இப்ப புல்லை வரிசையா கக்கிட்டுப் போகுது, எஞ்சினும் திணறுது" என்று அழைத்தார். எஞ்சின் போய்விட்டது என்றே நினைத்திருந்தார். ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சாய்த்துப் பார்த்தோம். அடிப்பகுதி முழுவதும் இரண்டு விரல் கனத்துக்குப் புல் காய்ந்து இறுகியிருந்தது. பிளேடின் முனைகள் மழுங்கி உருண்டிருந்தன. சுரண்டி, பிளேடைத் தீட்டி, வெட்டும் உயரத்தை இரண்டு படி ஏற்றியதும் இயந்திரம் பழையபடி வேலை செய்தது. எஞ்சினில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதத் திணறலில் பெல்ட் தேய்ந்துவிட்டதால் அதை மாற்ற வேண்டியதாயிற்று.

தூளாவது எப்படி?

பிளேடைக் கவிழ்த்த சட்டி போல மூடியிருக்கும் பகுதியை டெக் என்பார்கள். மூடாக்கு வகை இயந்திரத்தில் இந்த டெக் சற்று ஆழமாக இருக்கும். புல் வெளியேறும் வழி அடைக்கப்பட்டிருக்கும். வளைவான பிளேடு காற்றை மேலே இழுத்துப் புல்லை நிமிர்த்தி வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டு டெக்குக்குள் சுழன்று மீண்டும் மீண்டும் பிளேடில் அடிபட்டுச் சிறிதாகித் தரையில் உதிர்கிறது.

53 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு சுமார் 300 கி.மீ. வேகத்தில் செல்கிறது. புல் தூளாவது இந்த வேகத்தாலும், டெக்குக்குள் உள்ள காலி இடத்தாலும்தான். புல் ஒட்டி அந்த இடம் குறைந்தால் துண்டுகள் சுழல வழியில்லாமல் கட்டியாக விழும்.

நீங்கள் நடக்கும் வேகமும் முக்கியம். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் சென்றால் ஏறக்குறைய ஒவ்வொரு 8 மி.மீ. நகர்வுக்கும் ஒரு வெட்டு விழும். 5 கி.மீ. வேகத்தில் சென்றால் அது 14 மி.மீ. ஆகிவிடும். சக்கரம் தானே இழுக்கிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டினால் தூளுக்குப் பதில் துண்டுகளே கிடைக்கும். வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள இயந்திரமே தோப்புக்கு ஏற்றது.

மூன்றில் ஒரு பங்கு விதி

ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. புல் 12 செ.மீ. இருந்தால் 8 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். 9 செ.மீ. இருந்தால் 6 செ.மீ.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புல் வேகமாக வளரும். அப்போது மாதம் ஒரு முறை என்று காத்திராமல் 10 முதல் 12 நாட்களுக்கு ஒரு முறை வெட்டுவது இயந்திரத்துக்கும் மண்ணுக்கும் நல்லது. கோடையில் வெட்டும் உயரத்தை ஏற்றி, இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். தரையோடு ஒட்டச் சுரண்டிவிட்டால் வெயில் நேரடியாக மண்ணில் விழும். மூடாக்குப் போட்ட பலன் அங்கேயே போய்விடும்.

புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டதா? இந்த இயந்திரத்தை உள்ளே விடாதீர்கள். முதலில் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரால் வெட்டி, புல்லை மாட்டுக்கோ மட்கு உரத்துக்கோ எடுத்துவிடுங்கள். மீண்டும் துளிர்த்து வந்த பிறகு இயந்திரத்தை ஓட்டுங்கள்.

பனியோ மழையோ பட்ட ஈரப்புல்லை வெட்டக் கூடாது. காலை 10 மணிக்கு மேல், இலை உலர்ந்த பிறகு தொடங்குங்கள். ஈரப்புல் தூளாகாது, டெக்கில் அப்பிக்கொள்ளும், இரும்பு டெக்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

இந்த மூடாக்கு என்ன செய்யும், என்ன செய்யாது?

பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர். 1,000 கிலோ பச்சைப் புல்லில் 200 கிலோ உலர் எடை, அதில் 2 சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால் 4 கிலோ தழைச்சத்து கிடைக்கும். இது ஏறக்குறைய 9 கிலோ யூரியாவில் உள்ள அளவு. இதைப் புதிய உரம் என்று கணக்கிட வேண்டாம். அந்த மண்ணிலிருந்து புல் எடுத்த சத்துதான் திரும்ப மண்ணுக்குப் போகிறது. புல்லை அள்ளி வெளியே கொட்டினால் அந்தச் சத்தும் தோப்பை விட்டுப் போய்விடும்.

பசும்புல் தூள் சில வாரங்களில் மட்கிவிடும். ஆகவே அது மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் உணவாகும், மேல்மண் இறுகாமல் காக்கும். ஆனால் களை முளைப்பதைத் தடுக்கும் அளவுக்குக் கனமான போர்வையாக இருக்காது. மரத்தைச் சுற்றிய 1.8 மீட்டர் ஆரமுள்ள பாத்திக்குத் தென்னை மட்டை, உரிமட்டை, காய்ந்த ஓலை போன்ற நின்று மட்கும் பொருட்களே மூடாக்காக வேண்டும்.

25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் என்றால், பாத்திகள் எடுத்துக்கொள்ளும் இடம் சுமார் 700 சதுர மீட்டர்தான். மீதி 3,300 சதுர மீட்டர் இடைவெளி நிலம். இந்த இயந்திரத்துக்கான வேலை அங்கேதான்.

வெட்டிய புல்லைச் சேர்த்து மரத்தடியில் பச்சையாகக் குவிக்காதீர்கள். குவியல் சூடேறி அழுகும். மட்கும் குவியல்களில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது. தூளாகப் பரவி விழுந்தால் அந்தக் கவலை இல்லை.

பார்த்தீனியம் இருந்தால் பூப்பதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். விதை பிடித்த செடியை இயந்திரத்தில் விட்டால் விதையைத் தோப்பு முழுவதும் நாமே தூவியதாகிவிடும். அதன் தூள் ஒவ்வாமை தரும் என்பதால் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம். கோரை இதனால் ஒழியாது. நிலத்தடிக் கிழங்கிலிருந்து மீண்டும் வரும்.

ஆயுளை வருடத்தில் கணக்கிடாதீர்கள்

இயந்திரத்தின் ஆயுளை ஓடிய மணி நேரத்தில்தான் கணக்கிட வேண்டும். 53 செ.மீ. அகல இயந்திரத்தில், வரிசைகள் சற்று ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஓட்டினால் பயனுள்ள அகலம் 45 செ.மீ. திரும்புவது, நிறுத்துவது எல்லாம் சேர்த்து மணிக்கு சுமார் 1,000 சதுர மீட்டர் முடியும். அதாவது ஒரு ஏக்கர் தென்னைக்கு ஒரு முறை வெட்ட மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்குப் பத்து முறை வெட்டினால் ஏக்கருக்கு 33 மணி நேரம், நான்கு ஏக்கருக்கு 130 மணி நேரத்துக்கு மேல்.

அமெரிக்காவின் புகை உமிழ்வு விதிகளில் இந்த அளவுச் சிறு எஞ்சின்களுக்கு 125, 250, 500 மணி நேரம் என்று மூன்று வகுப்புகள் உண்டு. அத்தனை மணி நேரம் வரை புகை வரம்பு மீறாமல் எஞ்சின் ஓட வேண்டும் என்பது பொருள். எஞ்சினின் முழு ஆயுள் அதுவல்ல. என்றாலும் வீட்டு உபயோக எஞ்சினை எந்த அளவு வேலையை மனதில் வைத்துச் செய்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். வீட்டுப் புல்தரையில் பல ஆண்டு உழைக்கும் இயந்திரத்துக்கு நான்கு ஏக்கர் தோப்பு ஒரே ஆண்டில் அந்த வேலையைக் கொடுத்துவிடும்.

எந்தப் பகுதி முதலில் பழுதாகும்?

பிளேடு: 25 மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். மணற்பாங்கான நிலத்தில் இன்னும் சீக்கிரம் மழுங்கும். வெட்டிய மறுநாள் புல் நுனி பழுப்பேறிக் கிழிந்தது போல் இருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. பழைய சாய்வு மாறாமல் அரத்தால் தீட்டுங்கள். பின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சற்று அராவுங்கள். எடை சமமில்லாத பிளேடு அதிர்ந்து பேரிங்கைக் கெடுக்கும்.

கிராங்க் ஷாஃப்ட்: மட்டையின் அடிக்கட்டை, தேங்காய், கல் ஆகியவற்றில் பிளேடு மோதினால் ஷாஃப்ட் வளையலாம். மோதிய பின் அதிர்வு கூடினால் உடனே நிறுத்துங்கள். ஓட்டத் தொடங்கும் முன் ஒரு முறை நடந்து கல், மட்டை, கம்பிகளைப் பொறுக்குங்கள். சொட்டுநீர்க் குழாய்களை ஒதுக்கிக் கட்டுங்கள்.

நகர்த்தும் அமைப்பு: பெல்ட் வழுக்குவது, கேபிள் தொய்வது, சக்கரத்தின் உட்புறப் பற்சக்கரத்தில் மண் ஏறித் தேய்வது ஆகியவை தோப்பில் சகஜம். கேபிளை அவ்வப்போது இறுக்குங்கள். சக்கர மூடியைக் கழற்றி மண்ணைத் துடையுங்கள். சக்கரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தைப் பின்னோக்கி இழுக்காதீர்கள். வாய்க்கால், வரப்பு உள்ள இடங்களில் பின்சக்கர இழுவையே நன்றாகப் பிடிக்கும்.

டெக்: ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் மரக்கட்டையால் சுரண்டுங்கள். சாய்க்கும் முன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிட வேண்டும். ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்தால் ஆயில் அதற்குள் இறங்காது.

எஞ்சின்: புதிய இயந்திரத்தில் முதல் 5 முதல் 10 மணி நேரத்தில் ஆயிலை மாற்றுங்கள். அதன் பின் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஏர் ஃபில்டரை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை, புழுதிக் காலத்தில் அதற்கும் முன்பே பாருங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உள்ளது. அது ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வையுங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

கடைவாசலில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தோப்பில், உங்கள் புல்லில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 20 மீட்டர் ஓட்டிய பின் திரும்பிப் பாருங்கள். வெட்டிய புல் வரிசையாகத் தெரிந்தால் தூளாகவில்லை. காலால் லேசாக விலக்கினால் மண்ணோடு கலந்து உதிர வேண்டும். பிறகு டெக்கின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். 20 மீட்டரிலேயே கட்டி சேர்ந்திருந்தால் அந்த டெக் நம் புல்லுக்கு ஒத்துவராது. பிளேடு, பெல்ட், கேபிள் மூன்றும் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். உதிரி பாகம் கிடைக்காத இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

யாருக்கு ஏற்றது?

ஒன்று முதல் இரண்டு ஏக்கர், கல் குறைந்த, சமமான நிலம், குட்டையான புல் என்றால் தாராளமாக வாங்கலாம். மூன்று ஏக்கரைத் தொட்டால் வீட்டு உபயோக வகை வேண்டாம். தொழில்முறை வேலைக்கான கனமான எஞ்சினும் டெக்கும் உள்ளதைப் பாருங்கள். அதற்கு மேல் நிலம் இருந்தாலோ, புல்லை அடிக்கடி வெட்ட நேரமில்லை என்றாலோ, டிராக்டரில் இணைக்கும் ஸ்லேஷரை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். உங்கள் வட்டாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரங்களை உழவன் செயலியிலும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்டறியலாம்.

வாங்கிவிட்டால், கைப்பிடியில் ஒரு சிறு நோட்டைக் கட்டி, ஓடிய மணி நேரத்தை அன்றன்றே எழுதி வாருங்கள். ஆயில் எப்போது, பிளேடு எப்போது என்பதை அந்த நோட்டே உங்களுக்குச் சொல்லிவிடும்.