உயிரின் தோற்றம்: ஒரு கருத்தின் வரலாறு

உயிர் எவ்வாறு தோன்றியது என்னும் வினா நெடுங்காலமாகத் தத்துவத்துக்கும் சமயத்துக்குமே உரியதாகக் கருதப்பட்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டிலேயே அது இரசாயன ஆய்வுகூடத்தினுள் நுழைந்தது. சடப்பொருளையும் வரலாற்று அடிப்படையிற் காணவேண்டும் என்னும் சிந்தனையே இதற்கு வழிவகுத்தது. அச்சிந்தனையின் வளர்ச்சியையும், அதனை முன்வைத்தவரே ஒரு கட்டத்தில் அதனைக் கைவிட்ட முரண்பாட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்பது பழைய நம்பிக்கை. 1668 இல் இத்தாலியரான ரெடி அது ஈக்களின் முட்டைகளால் விளைவது எனக் காட்டினார். நுண்ணுயிர்களைப் பொறுத்தவரை எஞ்சியிருந்த ஐயத்தை 1860களின் தொடக்கத்தில் லூயி பாஸ்ரரின் பரிசோதனைகள் அகற்றின. உயிரிலிருந்தே உயிர் தோன்றும் என்பது நிலைநாட்டப்பட்டது. ஆயின், முதலுயிர் எதிலிருந்து தோன்றியது? விண்வெளியிலிருந்து உயிர்வித்துகள் வந்து சேர்ந்தன என்ற அரீனியசு போன்றோர் வினாவை வேறோரிடத்துக்கு நகர்த்தினரேயன்றி விடையளித்தாரல்லர்.

டார்வின் 1871 இல் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதமொன்றில் இதற்கான திறவுகோலைத் தொட்டுக்காட்டியிருந்தார். வெதுவெதுப்பான சிறு குளமொன்றில் புரதம் போன்றதொரு பொருள் உருவாகியிருக்கக்கூடும் என ஊகித்த அவர், இன்று அத்தகைய பொருள் தோன்றினும் உயிரினங்கள் அதனை உடனே உட்கொண்டுவிடும் எனவும் குறிப்பிட்டார். அன்று நிகழக்கூடியதாயிருந்தது இன்று நிகழாமைக்கு உயிரே காரணம் என்பது இதன் உட்பொருள்.

இவ்வுட்பொருளைக் கோட்பாடாக வளர்த்தவர்கள் இருவர். மொஸ்கோவில் ஓப்பாரின் 1924 இல் ஒரு சிறுநூலையும் 1936 இல் விரிவான நூலொன்றையும் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஹால்டேன் 1929 இல் தாமாகவே ஒத்த முடிவுக்கு வந்தார். பூமியின் ஆதி வளிமண்டலத்தில் சுயாதீன ஒட்சிசன் இருக்கவில்லை. மின்னலும் புறவூதாக் கதிர்களும் எளிய வாயுக்களைச் சேதனச் சேர்வைகளாக மாற்றின. அவை ஆதிச் சமுத்திரத்திற் செறிந்தன என்பது அவர்களது வாதம். பாஸ்ரர் மறுத்தது இன்றைய நிலைமைகளில் உயிர் தானாகத் தோன்றுவதையே. அன்றைய நிலைமைகளில் தோன்றியதை அன்று. ஒளித்தொகுப்பால் வெளிவந்த ஒட்சிசன் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வளிமண்டலத்தில் நிலைபெறத் தொடங்கியது. உயிர், தன் பிறப்புக்கு ஏதுவாயிருந்த சூழலைத் தானே மாற்றியமைத்துவிட்டது.

1953 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் யூரேயின் மாணவரான மில்லர் இதனைச் சோதனைக்குட்படுத்தினார். மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றினூடாக ஒரு வாரகாலம் மின்பொறியைச் செலுத்தியபோது கிளைசீன், அலனீன் முதலிய அமினோ அமிலங்கள் கிடைத்தன. ஊகம் என ஒதுக்கப்பட்டது பரிசோதனைக்குரிய விடயமாயிற்று.

இத்துறையில் இலங்கையருக்கும் இடமுண்டு. 1923 இல் காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர். இலண்டனில் அவர் இரசாயனம் கற்றபோது பேர்னாலின் தொடர்பு வாய்த்தது. ஆதிச் சேர்வைகள் களிமண்ணின் மேற்பரப்பிற் செறிந்து இணைந்திருக்கலாம் என்று கருதிய மார்க்சிய விஞ்ஞானி பேர்னால். 1969 இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னுமிடத்தில் விண்கல் ஒன்று வீழ்ந்தது. அதில் அமினோ அமிலங்கள் உள்ளமையை 1970 இல் அறிவித்த ஆய்வாளர் குழுவில் பொன்னம்பெருமவும் ஒருவர். உயிரினங்களின் புரதங்களில் இடக்கை அமைப்புடைய அமினோ அமிலங்களே உள்ளன; விண்கல்லிலோ இடக்கை, வலக்கை அமைப்புகள் இரண்டும் ஏறத்தாழச் சம அளவிற் காணப்பட்டன. எனவே அவை பூமியில் ஒட்டிய மாசு அல்ல என்பது தெளிவாயிற்று. இவ்விரசாயனம் பூமிக்கு மட்டும் உரியதன்று.

இனி, முற்கூறிய முரண்பாட்டுக்கு வருவோம். 1948 இல் சோவியத் நாட்டில் லைசென்கோவின் கொள்கை அரச ஆதரவுடன் ஆதிக்கம் பெற்றது, மரபியல் தடைசெய்யப்பட்டது. தலைசிறந்த மரபியலறிஞரான வவிலோவ் 1943 இலேயே சிறையில் இறந்திருந்தார். அக்காலத்தில் விஞ்ஞானக் கழகத்தின் உயிரியற் பிரிவில் உயர்பதவி வகித்த ஓப்பாரின் லைசென்கோவை ஆதரித்தார். கலமற்ற பொருளிலிருந்து இன்றும் கலங்கள் தோன்றுகின்றன என்ற லெப்பசின்ஸ்காயாவின் கூற்றையும் 1950 இல் ஏற்றுக்கொண்டார். அன்று சாத்தியமானது இன்று சாத்தியமன்று என்பதே அவரது கோட்பாட்டின் உயிர்நாடி. அதனையே அவர் அதிகாரத்தின்முன் கைவிட்டார். பொதுவுடைமைவாதியான ஹால்டேனும் லைசென்கோவைப் பகிரங்கமாகக் கண்டிக்க நெடுநாள் தயங்கியவரே. முற்போக்குச் சிந்தனையாளர் மறைக்கக்கூடாத அத்தியாயம் இது. பொருள்முதல்வாதம் என்னும் பெயரைச் சூட்டிக்கொள்வதனால் மட்டும் ஒரு கூற்று உண்மையாகிவிடாது.

ஓப்பாரினின் கருத்து நிலைத்தமைக்கு அவரது பதவி காரணமன்று. அது திருத்தத்துக்கு இடங்கொடுத்தமையே காரணம். ஆதி வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டும் நைதரசனுமே மிகுந்திருந்தன என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது. 1977 இல் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள் கண்டறியப்பட்டபின் உயிரின் தொட்டில் அங்கும் தேடப்படுகிறது. புரதம் முந்தியதா, பரம்பரைச் செய்தியைத் தாங்கும் நியூக்கிளிக்கமிலம் முந்தியதா என்னும் சிக்கலுக்கு, ஆர்.என்.ஏ. தானே ஊக்கியாகத் தொழிற்படக்கூடும் என 1980களின் முற்பகுதியில் செக்கும் ஓல்ட்மனும் காட்டியமை புதுவழி திறந்தது. 1989 இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். தன்னைத்தான் பிரதிசெய்யும் மூலக்கூறு, பிரதியில் நேரும் பிழை, அப்பிரதிகளிடையே நிகழும் தேர்வு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் கலம் தோன்றுமுன்னரே கூர்ப்புத் தொடங்கிவிடுகிறது. 2009 இல் சதர்லண்டின் குழுவினர் ஆர்.என்.ஏ.யின் கட்டமைப்புக் கூறுகளை எளிய சேர்வைகளிலிருந்து பெறும் பாதையொன்றைக் காட்டினர்.

எளிய சேர்வைகளிலிருந்து உயிருள்ள கலமொன்றை இன்னும் எவரும் ஆக்கவில்லை. அவ்விடைவெளியை ஒப்புக்கொள்வது இக்கோட்பாட்டுக்கு இழுக்காகாது. உயிருக்கும் சடத்துக்குமிடையே கடக்கவியலாத மதில் இருந்ததாகக் கருதப்பட்ட இடத்தில், நீண்டதொரு வரலாறு இருப்பதை இரசாயனம் காட்டியுள்ளது. அவ்வரலாற்றை எழுதும் அதிகாரம் ஆலயத்துக்கோ அரசுக்கோ உரியதன்று, சான்றுக்கே உரியது.