கதையின் இடைவெளியும் கல்லின் மௌனமும்

மரக்காணம் உப்பளங்களில் பாடுபடுவோர் பாத்திகளின் வரப்புகளைக் கண்ணுங்கருத்துமாகப் பார்த்து வருவர். எங்கேனும் கசிவு தென்பட்டால் களிமண் இட்டு அடைப்பர். கசிவைக் கண்டு சொல்பவனை அளத்தின் பகைவன் என எவரும் ஏசுவதில்லை. ஒரு நூலைப் படித்து, “இவ்விடத்தில் கதை பொருந்தவில்லையே” என வினவும் வாசகனும் அத்தகையவனே. நூலின்மேல் பற்றில்லாதவன் இவ்வளவு கூர்ந்து படிக்கமாட்டான்.

அதே மரக்காணத்தில் பூமீசுவரர் கோயில் இருக்கின்றது. அதன் சோழர்காலக் கல்வெட்டுகளில் இவ்வூர் உப்பளங்களும் பேசப்படுகின்றன. அச்சோழரையே கதைமாந்தராக்கிக் கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’, 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்தது. தமிழில் வாசகர்களை இத்துணை வாதாட வைத்த கற்பனைத் தொடர் பிறிதொன்று உண்டோ என ஐயுறலாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? நந்தினியின் தந்தை யார்? பெரிய பழுவேட்டரையர் கொலையைத் தாமே செய்ததாகக் கூறியது உண்மையா, வந்தியத்தேவனைக் காப்பதற்காகச் சொன்னதா? இவ்வினாக்கள் வீட்டுத் திண்ணைகளிலும் படிப்பகங்களிலும் தலைமுறை தலைமுறையாக எழுந்தன. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அந்நூல் இரு பாகத் திரைப்படமாக வந்தபின், நம் இல்லத்து இளைஞர்களும் அவ்வாதத்தில் கலந்துகொண்டனர்.

தொடர் முடிந்தபோதே வாசகர் வினாக்கள் குவிந்தன. கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்று கேட்டவர்களுக்கு முடிவுரையில் ஆசிரியரே விடையிறுக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னும் மனநிறைவு கொள்ளாத வாசகருக்காக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். இது நமக்குப் புதிதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்காமலேயே நின்றது. அக்குறையை எண்ணிப் புலம்பாது, பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ பாடி நிறைவு செய்தார். கற்பனைக் கதையும் திருநபி வரலாறும் ஒன்றல்ல. எனினும், விடுபட்ட இடத்தை நிரப்ப விழையும் உள்ளம் ஒன்றே.

கதையில் காணும் பொருத்தமின்மையை ஆராய்வதும் நம் முன்னோர்க்குப் பழகிய கலையே. பக்தாதின் புத்தக வணிகர் இப்னுந் நதீம், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987ஐ ஒட்டி, ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலைத் தொகுத்தார். ‘ஆயிரம் கதைகள்’ எனப் பொருள்படும் பாரசீகக் கதைநூலை அதில் குறிப்பிடும்போது, இரவுகள் ஆயிரமாயினும் கதைகள் இருநூறுக்கும் குறைவே என்று சுட்டிக்காட்டினார். ஒரு கதை பல இரவுகள் நீள்வதே காரணம் என்று விளக்கமும் தந்தார். ஐயத்தை எழுப்பி, காரணத்தையும் தேடிக் கூறிய அவ்வறிஞரின் நேர்மை போற்றத்தக்கது.

அப்பட்டியல் உருவான அதே காலத்தில், இங்கே சோழநாட்டில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள அது, 985இல் பட்டமேறிய முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்தம் உறவினரின் உடைமை பற்றிய செய்தியை அது கூறுகின்றது. கொலைக்குத் தூண்டியவர் யார், காரணம் யாது என்பன பற்றி அது வாய் திறக்கவில்லை.

இங்கேதான் வாதம் கதையைத் தாண்டி வரலாற்றில் கால்வைக்கின்றது. ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்ட உத்தமசோழன் கொலையாளிகளை ஏன் தண்டிக்கவில்லை என்று கேட்டு, அறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் அவ்வரசன்மீதே ஐயங்கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். இராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் உடைமை பற்றிய செய்தி வருவதனால், அதற்கு முன் தண்டனையே நிகழவில்லை என்று முடிவுகட்ட முடியாதல்லவா? ஆயினும் இன்றைய வாதங்களில் ஒரு சாரார் உத்தமனைக் கொலைகாரன் என்கின்றனர். மறுசாரார் கொலையாளிகளின் குலம் முழுவதையும் பழிக்கின்றனர். நாவலில் ஓர் இடைவெளி. கல்லில் ஒரு மௌனம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்மீது பழி சுமத்துகின்றனர்.

நம் மார்க்க அறிஞர்கள் கற்பித்த நெறி யாது? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் இப்னு குதைபா அவர்களும், முரண்படுவனபோல் தோன்றும் நபிமொழிகளை ஆராய்வதற்கென்றே நூல்கள் இயற்றினர். முரண் கண்டவுடன் ஒன்றைத் தள்ளிவிடாமல், இரண்டும் பொருந்தும் வழியுண்டா என்று தேடினர். செய்தியைச் சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று ஹதீஸ் கலைஞர்கள் தொடர் தொடராக விசாரித்தனர். ஐயங்களுள் சில பாவமாகும் என்று திருமறையும் எச்சரிக்கின்றது. உயிரோடிருப்பவர்க்கு மட்டுமா இந்நீதி? தம் தரப்பைச் சொல்ல நாவற்றுப்போன இறந்தவர்க்கு இது இன்னும் மிகுதியாக உரியதன்றோ?

ஆதலின் இளைஞர்களை வாதாட வேண்டாமென்று நாம் தடுக்கவில்லை. கேட்கட்டும், கதையின் ஒவ்வொரு வரப்பையும் சுற்றிப் பார்க்கட்டும். கற்பனையில் கசிவு கண்டால் கற்பனையாலேயே அடைக்கட்டும். அதனால் எவர்க்கும் தீங்கில்லை. வரலாறு மௌனமாக நிற்கும் இடத்தில் மட்டும், சாட்சி கிடைக்கும்வரை நாமும் மௌனமாக நிற்கப் பழகுவோம். “அறியோம்” என்று சொல்வது அறிவுக்கு இழுக்கன்று. இறந்துபோன ஒரு மனிதனின் மானத்தை அச்சொல் காக்குமாயின், அதுவே நாம் அவனுக்குச் செய்யும் நீதியாகும்.