தண்டவாளம் இல்லாத பினாங்கு ரயில் நிலையம்

ஜோர்ஜ்டவுன் கடற்கரையில் மணிக்கூண்டுடன் நிற்கும் விஸ்மா கஸ்தாம் இன்று சுங்கத்துறைக் கட்டடம். 1907இல் கட்டி முடிக்கப்பட்டபோது அது ரயில் நிலையம். அங்கே பயணச்சீட்டு கிடைக்கும். ரயில் மட்டும் வராது. தண்டவாளம் நீரிணைக்கு அப்பால், பெருநிலத்தில் உள்ள பிறையில்தான் தொடங்கியது. சீட்டு வாங்கியவர்கள் ரயில்வே படகில் ஏறி அக்கரைக்குச் சென்றார்கள்.

1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரையிலும், 1909இல் ஜொகூர் பாரு வரையிலும் ரயில் பாதை இணைந்தது. இதனால் பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ரயிலிலேயே போக முடிந்தது.

சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து வந்த தமிழர்களுக்கும் இதுவே வழி. ஆனால் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் நேரே ரயிலேற முடியாது. ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது.

அதன் பிறகும் உறவினரைப் பார்க்கப் போனவர்களும் வந்தவர்களும் கப்பலையே நம்பியிருந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' 1973 வரை ஓடியது. அடுத்து 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1967இல் ரயில் முனையம் பிறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மாறியது.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் உயிரிழந்தனர். அத்துடன் தமிழகத்துக்கான பயணிகள் கப்பலும் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது.

"பினாங்கில் இறங்கினோம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கப்பல், தீவு, படகு, ரயில் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம்.