கார்புரேட்டருக்குள் ஒரு பழைய வழக்கு

ஏப்ரல் இரண்டாம் வாரம் செயின்ட் பாலில் எங்கள் கராஜ் வாசலில் கிடந்த கடைசிப் பனிக்குவியலும் கரைந்துவிட்டது. மினசோட்டாவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் பொங்கல். நவம்பரில் போர்த்திவைத்த என் 1982 மாடல் ஜப்பான் வண்டியின் உறையை உருவினேன். பேட்டரியைக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ட்ரிக்கிள் சார்ஜரில் வைத்திருந்ததால் அதில் குறையில்லை. டயருக்குக் காற்றடித்தேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கை அழுத்திப் பார்த்து, சோக்கை இழுத்துப் பட்டனை அமுக்கினால்... ம்ஹூம். என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை.

திண்டுக்கல்லில் இருக்கும் அப்பாவை அழைத்தேன். அங்கே ராத்திரி ஒன்பது மணி. அவர் கேட்ட முதல் கேள்வி, "கார்ப்ல இருந்த பெட்ரோலை வடிச்சியாடா?"

வடிக்கவில்லை.

கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வார்னிஷ் பூசியதுபோல் பழுப்புப் படலம். தலைமுடி நுழையும் அளவேயான பைலட் ஜெட்டின் துளை முழுக்க அடைத்திருந்தது. "எல்லாம் இந்த எத்தனாலால வந்த வினைப்பா" என்றேன். இங்கே வண்டி வைத்திருக்கும் பலரும் சொல்வதுதான். சோளத்திலிருந்து வடித்த எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பதை 1990களிலேயே மாநிலம் முழுக்கக் கட்டாயமாக்கிய ஊர் இது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் வண்டி ஓட்டுன காலத்துல ஏதுடா எத்தனால்? ரெண்டு மாசம் நிறுத்துனா அப்பவும் இப்படித்தான் அடைக்கும்."

அவர் சொன்னது சரி. பெட்ரோலின் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போகும். மிச்சமிருப்பது ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். எத்தனால் இல்லாவிட்டாலும் அது நடக்கும். ஜெட்டுகளை கிளீனரில் ஊறப்போட்டுவிட்டு, இந்த ஆல்கஹால் பெட்ரோலுக்குள் எப்படித்தான் வந்தது என்று படிக்க உட்கார்ந்தேன். நாற்பது ஆண்டுக்கால விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். நூறாண்டு பின்னால் போக வேண்டியிருந்தது.

1920களின் தொடக்கத்தில் கார் என்ஜின்களின் பெரிய தலைவலி 'நாக்கிங்'. அழுத்தத்தைக் கூட்டினால் சக்தி கூடும், ஆனால் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் வேலைபார்த்த தாமஸ் மிட்ஜ்லி இதற்கு மருந்து தேடினார். ஆல்கஹால் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். 1921 அக்டோபரில் ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் ஒரு காரையே ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய குழு இன்னொன்றைக் கண்டுபிடித்தது: டெட்ரா எத்தில் லெட். ஈயம்.

எஞ்சினியராக அந்தக் கணக்கை என்னால் போட்டுப் பார்க்க முடிகிறது. ஆல்கஹாலைக் குறைந்தது பத்து சதவீதமாவது கலக்க வேண்டும், சாராயம் வடிக்கத் தெரிந்த யாரும் தயாரிக்கலாம். ஈயமோ கேலனுக்கு மூன்று மில்லி போதும், உற்பத்தியும் காப்புரிமையும் கைக்குள் இருக்கும். 1923 பிப்ரவரியில் ஒஹையோவின் டேட்டனில் முதல் விற்பனை. பெயர் 'எத்தில்'. அந்தப் பெயரில் ஈயம் என்ற சொல்லே கிடையாது.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து விழுந்தார்கள். ஐந்து பேர் செத்துப்போனார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த மாதக் கடைசியில் மிட்ஜ்லி நிருபர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். ஆபத்தே இல்லையாம். முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நச்சு ஏறி ஃபுளோரிடாவில் ஓய்வெடுத்துவிட்டு வந்திருந்தார்.

1925 மே மாதம் வாஷிங்டனில் விசாரணைக் கூட்டம் நடந்தது. தொழிற்சாலை நச்சுகளை ஆராய்ந்த ஹார்வர்டு மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஈயம் வேண்டாம் என்று வாதாடினார். ஒரு குழு போட்டார்கள். தடை செய்யப் போதிய காரணமில்லை என்று குழு 1926இல் சொன்னது. விற்பனை மறுபடியும் தொடங்கியது. அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோலை முழுதாகத் தடைசெய்ய 1996 ஆனது. இந்தியாவில் 2000. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

இதைப் படித்தபோதுதான் என் மகளின் முதல் பிறந்தநாளை ஒட்டிய மருத்துவப் பரிசோதனை நினைவுக்கு வந்தது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். "எதுக்கு?" என்று கேட்டேன். "ஈயம் இருக்கா என்று பார்க்க. இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் எடுப்போம்" என்றார் நர்ஸ். பழைய வீடுகளின் பெயின்ட்டுக்காக என்று எண்ணி அப்போது விட்டுவிட்டேன். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும், இதற்குமேல்தான் கெடுதல் என்று சொல்லத்தக்க பத்திரமான அளவே அதற்குக் கிடையாது.

நான் பிறந்தது 1988. பன்னிரண்டு வயதுவரை அப்பாவின் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றினேன். பெட்ரோல் வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் விரலில் யாரும் குத்திப் பார்க்கவில்லை. ஒருவேளை பார்த்திருந்தால் என்ன எண் வந்திருக்குமோ. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. மகனை முன்னால் உட்காரவைத்து ஓட்டியதுதான் அவருக்கு அந்த வண்டியைப் பற்றிய சந்தோஷம்.

எத்தனாலைப் புனிதமாக்கவும் விரும்பவில்லை. வண்டிக்குக் குடிக்கக் கொடுக்க எத்தனை ஏக்கர் சோளம் என்ற கேள்வி இருக்கிறது. இருபது சதவீதக் கலப்புக்கு வந்துவிட்ட இந்தியாவில் மைலேஜ் குறைகிறது என்ற புகாரும் இருக்கிறது. அவையெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் அடைத்துப்போன ஜெட்டை ஒரு மணி நேரத்தில் சுத்தம் செய்துவிடலாம். குழந்தையின் எலும்பில் சேர்ந்த ஈயத்தை அப்படி வடித்து எடுக்க முடியாது.

மறுநாள் ஜெட்டில் காற்று ஊதி, வெளிச்சத்தில் துளை தெரிகிறதா என்று பார்த்துப் பொருத்தினேன். மூன்றாவது தடவையில் வண்டி பிடித்தது. மோட்டார் சைக்கிள்களுக்கும் பழைய கார்களுக்கும் எத்தனால் கலக்காத பெட்ரோல் விற்க இங்கே சட்டத்தில் இடமுண்டு. நவம்பரில் நிறுத்துமுன் அதை நிரப்பி, மறக்காமல் கிண்ணத்தை வடிக்க வேண்டும் என்று கராஜ் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

மகள் ஓடிவந்து டேங்க்மேல் ஏற்றிவிடச் சொன்னாள். என்ஜினை அணைத்துவிட்டு ஏற்றி உட்காரவைத்தேன்.