மதுரா பாதம் (மைசெட்டோமா)

முள்ளோ கல்லோ குத்திய இடத்தின் வழியே மண்வாழ் நுண்ணுயிர்கள் தோலுக்கடியில் புகுந்து உண்டாக்கும் நாள்பட்ட நோய் மதுரா பாதம். முதலில் வலியில்லாத சிறு கட்டியாகத் தோன்றும். மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துப் பாதம் பெருத்து, புரையோடி, பல கண் வைத்துச் சீழ் வடியும். சீழோடு கறுப்பாகவோ வெளிறியோ மணிகள் வெளிவரும். விட்டுவிட்டால் எலும்பையும் அரிக்கும். இதைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் மணியையும் அதனுள் இருக்கும் கிருமியையுமே ஆராய்ந்தார்கள். நோய் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது, அந்த மணியைச் சுற்றித் தோலுக்குள் வந்து குவியும் வெள்ளணுக்களின் வெற்றி தோல்விதான் என்பதே இக்கட்டுரையின் முடிபு.

நோய் பழையது. புற்றுப்போல் எழும்பிப் பல வாய்களில் ஒழுகும் ‘வல்மீகம்’ என்று சுசுருத சங்கிதை சிறுநோய்களுள் வைத்துச் சொல்வது இதையே ஆகலாம். எங்கெல்பெர்ட் கெம்பர் 1694இல் லைடனில் அளித்த ஆய்வேட்டில் வரும் மலபார்க் கரைக் கால்வீக்கத்தையும் இதனோடு சேர்ப்பவர் உண்டு, ஆனால் அது ஆனைக்காலாகவும் இருக்கலாம். நவீன மருத்துவப் பதிவு 1842இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில்லிடமிருந்து தொடங்குகிறது. 1846இல் மருத்துவர் கோல்புரூக் நோய்க்கு ஊரின் பெயரை வைத்தார். திருமங்கலம் பக்கத்துக் கரிசலிலும் சுற்றுவட்டாரச் செம்மண் காடுகளிலும் வெறுங்காலோடு உழுதும் ஆடு மேய்த்தும் வாழ்ந்தவர்களின் கால்களே இப்பதிவுகளுக்குப் பின்னால் இருப்பவை. அவர்களில் ஒருவர் பெயரும் மருத்துவ வரலாற்றில் நிலைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் கடப்பது நியாயமாகாது. ‘கிரேஸ் அனாட்டமி’ நூலுக்குப் படங்கள் வரைந்த ஹென்றி வேன்டைக் கார்ட்டர், பம்பாய்க்கு வந்தபின், 1860ஐ ஒட்டி இது பூஞ்சையால் வருவது என்று வாதிட்டு ‘மைசெட்டோமா’ என்ற பெயரைத் தந்தார். ஆந்த்ராக்ஸ் நோய்க்குக் கிருமியே காரணம் என்று ராபர்ட் கோக் நிறுவியது 1876இல்தான் என்பதை நினைத்தால் கார்ட்டரின் துணிவு விளங்கும். 1874இல் வெளிவந்த அவருடைய நூல் கறுப்பு மணி, வெளிர் மணி என இரு வகை பிரித்தது.

அந்தப் பிரிவினை இன்றும் நிற்கிறது. அடிப்படை மட்டும் நிறத்திலிருந்து கிருமிக்கு மாறியது. 1913இல் பினோயும் 1916இல் சூடானில் சால்மர்ஸ், ஆர்ச்சிபால்டு இருவரும் உண்மைப் பூஞ்சையால் வருவதையும், இழைபோல் வளரும் பாக்டீரியாக்களான ஆக்டினோமைசீட்டுகளால் வருவதையும் வேறுபடுத்தினர். முதல் வகையில் முக்கியமானது மதுரெல்லா மைசெட்டோமேட்டிஸ். கறுப்பு மணி இதனுடையது. இரண்டாவதில் ஆக்டினோமதுரா மதுரே, நோகார்டியா முதலியவை அடங்கும். மதுரெல்லா, ஆக்டினோமதுரா இரண்டின் பெயரிலும் மதுரை இருக்கிறது. ஆனால் ஆக்டினோமதுராவை 1894இல் வின்சென்ட் பிரித்தெடுத்தது அல்ஜீரிய நோயாளி ஒருவரிடமிருந்து. தென்னிந்தியாவில் ஆக்டினோமைசீட் வகையும் சூடானில் பூஞ்சை வகையும் மிகுதி.

முள் தைத்த கணத்திலிருந்து நடப்பதைப் பார்த்தால்தான் மணி ஏன் அழியாமல் கிடக்கிறது என்பது புரியும். மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்களும், அடித்தோலில் மாஸ்ட் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் முன்கூட்டியே குடியிருக்கின்றன. மாஸ்ட் செல் கக்கும் ஹிஸ்டமினால் நுண்குழாய்கள் விரிகின்றன. ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில்கள் குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கு வழியே நுழைந்து வெளியேறி, காயத்திலிருந்து பரவும் வேதிப்பொருளின் செறிவு கூடும் திசையில் ஊர்கின்றன. இதற்கிடையே டென்ட்ரைட்டிக் செல்கள் கிருமியின் துணுக்கோடு நிணநீர்க் குழாய் வழியே தொடையிடுக்குக்குப் போகின்றன. காலில் புண் வந்தால் நெறி கட்டுவது அங்கேதான். 1882இல் மெசினாவில் மெச்னிக்காஃப் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற லார்வாவில் ரோஜா முள்ளைக் குத்தி, செல்கள் நகர்ந்துவந்து முள்ளைச் சூழ்வதைக் கண்டார். கரிசல் காட்டில் கருவேல முள் குத்திய காலிலும் நடப்பது அதுவே. வேறுபாடு அளவில் இருக்கிறது. நியூட்ரோஃபிலின் குறுக்களவு 12 முதல் 15 மைக்ரோமீட்டர். மணியோ ஒரு மில்லிமீட்டரையும் தாண்டும். விழுங்க முடியாததை அவை சூழ்ந்து நின்று நொதிகளால் அரிக்கின்றன. மதுரெல்லா மணியின் இழைகளை மெலனின் கலந்த கெட்டியான சாந்து பிணைத்து வைத்திருப்பதால் அந்த அரிப்பு உள்ளே எட்டுவதில்லை. நுண்நோக்கியில் மூன்று நிலைகள் தெரியும்: நியூட்ரோஃபில்கள் சூழ்ந்து மணியை உடைப்பது; மேக்ரோஃபேஜ்களும் பல்கருப் பெருஞ்செல்களும் துணுக்குகளை விழுங்குவது; மணி மறைந்து, செல்கள் திரண்ட முடிச்சான கிரானுலோமா மட்டும் எஞ்சுவது. மூன்றும் ஒரே காலில் இருக்கலாம். ஆகவே உடல் கைகட்டி நிற்கவில்லை. ஒரு மணியை அழிக்கும்போதே அருகில் இன்னொன்று வளர்கிறது. வீக்கத்தில் பெரும்பங்கும் இந்த ஓயாத போரின் விளைவுதான்.

வெறுங்கால் நடையும் முள்ளும் போதுமே, செல்களை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். முள் தைக்காத உழவர் இல்லை. சூடானில் நோய் மிகுந்த ஊர்களில் நோயற்ற பலருடைய ரத்தத்திலும் மதுரெல்லாவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருக்கின்றன. கிருமியைச் சந்தித்தவர் பலர், விழுந்தவர் சிலர். அப்படியானால் நோயாளியின் எதிர்ப்பாற்றலே மொத்தமாகக் குன்றியது என்று 1970களில் சூடானில் சொல்லப்பட்டது. அதை ஏற்க இயலாது. இந்நோயாளிகள் பிற தொற்றுகளை வழக்கம்போல் வெல்கிறார்கள். 2007இல் வெளியான மரபணு ஆய்வு, நியூட்ரோஃபிலின் நகர்வையும் செயலையும் ஆளும் மரபணுக்களின் வேறுபாடுகளையே நோயோடு இணைத்தது. ஆக்டினோமைசீட் வகை கோ-ட்ரைமாக்சசோல், அமிக்காசின் மருந்துகளால் குணமாகிறதே, அங்கே செல்களுக்கு என்ன வேலை என்பது இன்னொரு மறுப்பு. மருந்து வளர்ச்சியை நிறுத்துகிறது; செத்த மணியை அகற்றிப் புரையை மூடுவது செல்கள்தான். பூஞ்சை வகையில் மருந்தையும் செல்லையும் ஒரே மெலனின் தடுப்பதாலேயே இட்ரகோனசோலை மாதக்கணக்கில் உண்டும் கத்தி வைக்க நேர்கிறது, அதன் பின்னும் நோய் திரும்புகிறது.

2016இல் உலக சுகாதார நிறுவனம் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. இட்ரகோனசோலுக்கு மாற்றாகச் சூடானின் கார்ட்டூமில் ஃபாஸ்ராவுகோனசோல் என்ற புதிய பூஞ்சை மருந்து சோதிக்கப்பட்டது.