உடம்பு ஏறினால்தான் பலமா? வளரும் வீரர்கள் கவனிக்க!

'மூணு மாசமா ஜிம்முக்குப் போறான், உடம்பே ஏறலையே!' டீன் ஏஜ் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கும் இந்தக் கவலை உண்டு. ஆனால், உடம்பு ஏறுவது வேறு; பலம் கூடுவது வேறு.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ எடைப் பிரிவில் இறங்கிய மீராபாய் சானு, 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். தசையின் அளவு மட்டுமே பலம் இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை தசைநார்களை நரம்புகள் வேலை வாங்குகின்றன என்பதும் முக்கியம். பருவமடையும் முன் டெஸ்டோஸ்டீரோன் குறைவு. அதனால் அந்த வயதில் பயிற்சி செய்தால் பலம் கூடும். தசை பெரிதாகப் பெருக்காது.

எப்படிப் பழகுவது?

* முதலில் ஸ்குவாட், புஷ்-அப் போன்றவற்றைப் பயிற்சியாளர் முன்னிலையில் சரியாகச் செய்யப் பழகணும்.
* வாரம் 2, 3 நாள் போதும். இடையில் ஒருநாள் ஓய்வு அவசியம்.
* 10-15 முறை தடுமாறாமல் செய்ய வந்த பிறகே எடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்.
* பருவமடைந்த பின், 8-12 முறை தூக்கும் பயிற்சி தசை வளர உதவும். அதிக எடையில் 3-6 முறை தூக்குவது பலத்துக்கானது.

முறையான பயிற்சியால் உயரம் குறையாது. ஆனால், 'சீக்கிரம் உடம்பு ஏறும்' என்று யாராவது ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ நீட்டினால் வேண்டவே வேண்டாம். அது எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடி, உயரத்தையே நிறுத்திவிடலாம்!