இருட்டடிப்பு

பேரனுக்கு இரவு ஷிப்ட். பகலில்தான் தூக்கம். எங்கள் அடையாறு ஃப்ளாட்டில் காலை ஏழு மணிக்கே வெயில் அவன் முகத்தில் அடிக்கும். திரைச்சீலைக்குக் கறுப்பு லைனிங் தைக்கத் தையற்காரர் பத்து நாள் கேட்டார். தையலே வேண்டாம் என்று, அதே வளையங்களில் லைனிங்கையும் கிளிப் போட்டு மாட்டி, இரண்டு ஓரங்களையும் வெல்க்ரோ வைத்துச் சுவரோடு ஒட்டிவிட்டேன். அரை மணி வேலை. துணி எவ்வளவு கனமானாலும் ஓரத்தை விட்டால் பிரயோஜனமில்லை. இடுக்கு வழியாகத்தான் வெளிச்சம் போகும், வரும்.

இதை எனக்குச் சொன்னவர் பாட்டி. அவர் கற்றுக்கொண்டது 1942-ல், மயிலாப்பூரில்.

'இருட்டடிப்பு' என்றால் இன்று செய்தியை மறைப்பது. அன்று அதற்கு நேர்ப்பொருள்தான். வானத்திலிருந்தும் கடலிலிருந்தும் ஊர் தெரியக் கூடாது. சென்னைக்கு இந்தப் பாடம் முன்பே கிடைத்திருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டபோது நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கெட்டிக்காரனை 'அவன் எம்டன்டா' என்று சொல்லும் வழக்கம் மிஞ்சியது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது நாம்தான் என்று ஊரே நம்பியது. அந்த வாரமே, அவசியமில்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்று பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில் புலி, சிங்கங்களைச் சுட்டே கொன்றார்கள். பாவம், அவற்றுக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் வீட்டில் பாட்டிதான் இருட்டடிப்பு இலாகா. ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள், மைதா பசை, ஆணி. தாள் தீர்ந்ததும் பழைய கம்பளியை ஜன்னல் சட்டத்தைவிட ஒரு சாண் அகலமாகத் தொங்கவிட்டு, அடியில் விறகுக்கட்டையை வைத்து அமுக்குவாராம். உயரத்தில் இருந்த வென்டிலேட்டர் கண்ணாடிக்குத் தாத்தா ஏணி போட்டு ஏறினார். முற்றத்தை என்ன செய்வது? வானத்துக்குத் திரை கட்ட முடியுமா? முற்றத்துப் பக்கம் விளக்கே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். சித்திரை மாதப் புழுக்கம் வேறு. விளக்கு வேண்டுமென்றால் ஜன்னலை மூடவேண்டும், காற்று வேண்டுமென்றால் விளக்கை அணைக்கவேண்டும். பெரும்பாலும் காற்றுதான் ஜெயித்தது. குழந்தைகளுக்கு இருட்டிலேயே கையில் பிசைந்து போட்டாராம்.

தாத்தாவுக்கு அந்தத் தாளில் நம்பிக்கை வரவில்லை. தெருவில் பாதிப் பேர் போய்விட்டார்கள், வீடுகள் அடிமாட்டு விலைக்குப் போயின. ஏப்ரல் முடிவதற்குள் அவரும் வந்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டு, குடும்பத்தைக் கும்பகோணத்துக்கு ரயிலேற்றினார். பாட்டி வேண்டாம் என்று சொன்னாராம். பூட்டிவிட்டுப் போகலாமே, விற்பானேன் என்று கேட்டாராம். அந்தக் காலத்தில் அவரை யார் கேட்டார்கள்?

ஜப்பான் கப்பற்படை சென்னைக்கு வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. பெரிய சேதமில்லை. அதற்குள் போனவர்களில் பலர் திரும்பிவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டாரும் 1944-ல் திரும்பினார்கள். அதே தெருவில், நான்கு வீடு தள்ளி, வாடகைக்கு.

தாத்தா அதன்பின் அந்த வீட்டைத் தாண்டிப் போகவே மாட்டார், சுற்றுவழியாகக் குளத்துக்குப் போவார். பாட்டி அப்படியில்லை. நான் சிறுவனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது, அந்த வாசலில் நின்று மேலே காட்டுவார். வென்டிலேட்டர் கண்ணாடியின் மூலையில் கறுப்புத் தாள் ஒரு துண்டு அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது. "பார், என் பசை," என்பார்.